ஃபெண்டரா, ஸ்குவையரா, எந்த நாட்டில் செய்தது? யாழ்ப்பாணத்தில் கிற்றார் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாமா விடுமுறைக்கு வரப்போகிறார். “என்ன கொண்டு வர?” என்று கேட்கிறார். மருமகன் “ஃபெண்டர்” என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் குழப்பம். ஃபெண்டர் அமெரிக்க நிறுவனம். ஆனால் அதன் கிற்றார்கள் அமெரிக்கா, மெக்சிகோ, யப்பான், சீனா, இந்தோனேசியா என்று பல இடங்களில் செய்யப்படுகின்றன. விலை ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம். எனக்கு வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு மின்கிற்றார் பற்றி மட்டும்.

ஸ்குவையர் என்றால் ஃபெண்டரின் போலியா?

இல்லை, அது ஃபெண்டரின் சொந்தப் பெயர்தான். ஸ்குவையர் முதலில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் க்ரீக் நகரில் இசைக்கருவித் தந்தி செய்த நிறுவனம். 1965இல் ஃபெண்டரின் கைக்கு வந்தது. அதே ஆண்டில் ஃபெண்டரே சிபிஎஸ் என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. சிபிஎஸ் காலத்தில், குறிப்பாக 1970களில், அமெரிக்கத் தயாரிப்பின் தரம் இறங்கியது என்பது கிற்றார்க்காரர் பலரின் கருத்து. அந்த இடைவெளியில் யப்பானின் டோக்காய், கிரெக்கோ போன்ற பெயர்கள் ஃபெண்டரின் பிரபல மாதிரியான ஸ்ட்ராட்டோகாஸ்டரை (சுருக்கமாக ஸ்ட்ராட்) அச்சொட்டாகச் செய்து குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கின. சமாளிக்க ஃபெண்டர் 1982இல் யப்பானில் கூட்டு நிறுவனம் தொடங்கி, மட்சுமோட்டோவில் இருந்த ஃபுஜிஜென் தொழிற்சாலையிடம் வேலையைக் கொடுத்தது. அங்கிருந்து வந்த மலிவு வரிசைக்குத்தான் ஸ்குவையர் என்ற பழைய பெயரை எடுத்து ஒட்டினார்கள்.

எந்தெந்த நாட்டில் எப்போது செய்தார்கள்?

அமெரிக்கத் தொழிற்சாலை 1985 முதல் கலிபோர்னியாவின் கொரோனா நகரில் இருக்கிறது. அந்த ஆண்டில்தான் ஊழியர்கள் சிலர் சேர்ந்து நிறுவனத்தை சிபிஎஸ்ஸிடமிருந்து வாங்கினார்கள். மெக்சிகோத் தொழிற்சாலை எல்லைக்கு அப்பால் என்செனாடாவில், 1987இல் தொடங்கியது. 1980களின் கடைசியில் ஸ்குவையர் வேலை கொரியாவுக்குப் போனது. கொஞ்சக் காலம் இந்தியாவிலும் செய்தார்கள். பிறகு சீனா, இந்தோனேசியா. இன்று கடையில் புதிதாக இருக்கும் ஸ்குவையர்களில் பெரும்பகுதி இந்த இரண்டு நாட்டில் ஒன்றிலிருந்துதான் வருகிறது.

பெயரும் நாடும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை அல்ல. ஸ்குவையர் பெயரில் மெக்சிகோவில் செய்தவையும் உண்டு. ஃபெண்டர் பெயரில் கொரியாவில் செய்த லைட் ஆஷ் ஸ்ட்ராட் உண்டு, 2011இல் வந்த மொடர்ன் பிளேயர் வரிசை சீனத் தயாரிப்பு, 2025இல் வெளியான ஃபெண்டர் ஸ்டாண்டர்ட் வரிசை இந்தோனேசியத் தயாரிப்பு. ஆகவே தலையில் ஃபெண்டர் என்றும் பின்னால் இந்தோனேசியா என்றும் இருந்தால் உடனே “டூப்ளிகேட்” என்று சொல்லிவிடாதீர்கள்.

சரி, தரத்தில் அமெரிக்கா முதலாவது, யப்பான் இரண்டாவது, மெக்சிகோ மூன்றாவது, கொரியா, இந்தோனேசியா, கடைசியில் சீனா. இந்த வரிசை சரிதானே?

இந்த ஏணியை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

மரத்தை வெட்டுவது இப்போது கணினி சொல்லுக்கு ஓடும் இயந்திரம். நெக் (கிற்றாரின் கழுத்து) பொருந்தும் பள்ளத்தை வெட்டும்போது அந்த இயந்திரத்துக்குத் தான் எந்த நாட்டில் நிற்கிறது என்று தெரியாது. இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருக்கும், கோர்ட் என்ற நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து மலிவான கிற்றாரும் வருகிறது, நல்ல மேடைக்காரர் வாசிக்கும் கிற்றாரும் வருகிறது. ஒரே தையல்காரரிடம் நூறு ரூபாய்த் துணியும் கொடுக்கலாம், பட்டும் கொடுக்கலாம். என்ன கொடுத்தோம், எத்தனை மணிநேரக் கூலி கொடுத்தோம் என்பதுதான் சட்டையில் தெரியும். ஃபெண்டர் அந்தத் தொழிற்சாலையிடம் எந்த விலைக்கு என்ன கேட்டது என்பதைச் சொல்வது நாட்டின் பெயர் அல்ல, வரிசையின் பெயர்.

ஸ்குவையருக்குள்ளேயே பாருங்கள். கீழே சோனிக், 2023இல் பழைய புல்லட் வரிசையின் இடத்துக்கு வந்தது. அதற்கு மேல் அஃபினிட்டி. அதற்கும் மேல் கிளாசிக் வைப். கிளாசிக் வைப் முதலில் சீனாவில்தான் செய்யப்பட்டது, 2019இல் இந்தோனேசியாவுக்கு மாறியது. ஏணிப்படி பார்த்தால் அந்தச் சீனக் கிளாசிக் வைப் அடிமட்டம். உண்மையில் அதே காலத்து இந்தோனேசிய புல்லட்டை அதன் பக்கத்திலேயே வைக்க முடியாது. அந்தச் சீனக் கிளாசிக் வைப்பை இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள்.

அமெரிக்கத் தயாரிப்பு நல்லதில்லை என்று நான் சொல்லவில்லை. பத்து அமெரிக்கக் கிற்றாரை எடுத்தால் பத்தும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இருக்கும். பத்து அஃபினிட்டியை எடுத்தால் இரண்டு மிக நல்லது, இரண்டு மோசம், மிச்சம் பரவாயில்லை என்று வரும். கூடுதல் விலையில் ஒரு பங்கு அந்த உறுதிக்காகத்தான். கையில் எடுத்துப் பார்த்து வாங்க வாய்ப்புள்ளவருக்கு அந்த உறுதி அவ்வளவு தேவையில்லை. ரொறன்ரோவில் இருந்து யாரோ பெட்டியைத் திறக்காமலே கொண்டுவரப் போகிறார் என்றால் தேவை.

அப்படியென்றால் மலிவான கிற்றாரில் காசை எங்கேதான் மிச்சம் பிடிக்கிறார்கள்?

முதலில் இரும்பிலும் செம்பிலும். அப்புறம் மனிதக் கை படும் வேலையில். மரம் கடைசியில்தான்.

ஸ்ட்ராட்டின் உடலில் தந்திகள் வந்து நிற்கும் பிறிட்ஜைக் கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு கனமான கட்டை இருக்கும். விலை கூடியவற்றில் அது உருக்கு. மலிவானவற்றில் மெல்லிய நாகக் கலவை வார்ப்பு. அதிர்வு நீடிக்கும் நேரத்தில் இதன் பங்கு எவ்வளவு என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கு முக்கியம் அந்த மெல்லிய வார்ப்பில் சுருதியை ஆட்டும் ட்ரெமலோக் கைபிடி திருகும் மரை சீக்கிரம் தேய்ந்து ஆடத் தொடங்குவதுதான்.

வொல்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள பொட்கள் அடுத்தது. பின்தகட்டையோ முன்பக்கத் தகடான பிக்கார்டையோ திறந்தால் அமெரிக்கத் தயாரிப்பில் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் அகலப் பொட்கள், மலிவானவற்றில் 16 மில்லிமீற்றர் அளவில் சின்னப் பொட்கள். இரண்டும் 250 கிலோ ஓம் என்றே எழுதியிருக்கும். சின்னதால் ஒலி கெட்டுப்போவதில்லை. ஆனால் தூசும் ஈரமும் சீக்கிரம் உள்ளே போய் “கரகர” என்று சத்தம் வரும். ஐந்து நிலை சுவிட்சிலும் இதே கதை: திறந்த உலோகச் சுவிட்சுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பெட்டிச் சுவிட்ச்.

தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பில் அஃபினிட்டிக்கும் சோனிக்குக்கும் செராமிக் காந்தம், கிளாசிக் வைப்புக்கும் ஃபெண்டரின் மெக்சிகோ வரிசையான பிளேயருக்கும் அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம். செராமிக் என்றாலே மோசம் என்பதும் ஒரு மூடநம்பிக்கை. ஒலி கொஞ்சம் கூர்மையாக இருக்கும். தேவாலயத்தில் பாடகர் குழுவோடு வாசிப்பவருக்கு அது காதைக் குத்தலாம். டோனைக் குறைத்தால் பாதி சரியாகிவிடும். அந்த 2025 இந்தோனேசிய ஃபெண்டரிலும் செராமிக்தான். தலையில் உள்ள பெயருக்காகவும் காசு கொடுக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு கைவேலை. நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளான பிரெட்டின் ஓரங்களை அரத்தால் உருட்டி மழுக்குவது, தலைப்பக்கம் தந்திகள் தங்கும் சிறு கட்டையான நட்டில் ஆறு காடியையும் சரியான ஆழத்துக்கு வெட்டுவது. இரண்டுமே நேரம் தின்னும் வேலை, நேரம் என்றால் கூலி. மலிவுக் கிற்றாரில் நட் காடிகள் பெரும்பாலும் ஆழம் போதாமல் இருக்கும். அதனால் முதல் பிரெட்டில் எஃப் கோர்ட் (சுரக்கூட்டு) பிடிக்கப் பிள்ளைக்கு விரல் நோகும். “எனக்குக் கிற்றார் வராது” என்று விட்டவர்களில் எத்தனை பேர் இந்த நட்டால் விட்டார்களோ.

மரம் என்று பார்த்தால் பொப்லர், அல்டர், பைன் என்று மாறும். பொப்லர் மென்மை, இடித்தால் பள்ளம் விழும். மற்றபடி ஆம்ப் வழியாகக் கேட்டு இது எந்த மரம் என்று சொல்லக்கூடிய ஒருவரை நான் இன்னும் காணவில்லை. பிரெட்போர்டில் ஈட்டி மரத்துக்குப் பதில் இப்போது கருமருது அதிகம். 2017இல் ஈட்டி இன மரங்கள் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது எல்லா நிறுவனங்களும் மாற்று மரம் தேடின. 2019இன் கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆனாலும் மலிவு வரிசைகளில் கருமருது நிலைத்துவிட்டது. குறை சொல்ல எதுவும் இல்லை. வறண்டுபோனால் கொஞ்சம் எண்ணெய் கேட்கும்.

யாழ்ப்பாணக் காற்றுக்கு எது தாங்கும்?

நாட்டுப் பெயரைவிட இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மூன்று பக்கமும் கடல், நடுவில் கடல்நீரேரி. குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று சுவரையே தின்கிறது, கிற்றாரின் திருகாணியை விடுமா? சோளகம் வீசும் மாதங்களில் பிறிட்ஜில் தந்தி தங்கும் சேடில் துண்டுகளின் திருகாணிகள் துருவேறி இறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொட், சுவிட்ச், ஜாக் எல்லாம் கரகரக்கும்.

மலிவுக் கிற்றாரில் முலாம் மெல்லியது. அதனால் இங்கே முதலில் சாவது உலோகம்தான், மரம் அல்ல. பழைய கிற்றார் பார்க்கப் போனால் சேடிலில் உள்ள சின்ன ஆறுமூலைத் திருகாணிகள் திரும்புகின்றனவா என்று பாருங்கள். அலன் கீ கொண்டு போங்கள். அமெரிக்கப் பாகங்களுக்கு அங்குல அளவு, ஆசியப் பாகங்களுக்குப் பெரும்பாலும் மில்லிமீற்றர். மாற்றிப் போட்டுத் திருகினால் தலை தேய்ந்து அதோடு சரி.

வாசித்து முடித்ததும் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். திருகாணிகளுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். சுவரில் மாட்டி அழகு பார்ப்பதைவிட, சிலிக்கா ஜெல் போட்ட பையில் வைப்பது நல்லது. நெக் மேப்பிள், மேலே கடினமான பூச்சு. அது இந்த ஈரத்தை நன்றாகவே தாங்கும்.

தொடர் இலக்கத்தைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடிக்கலாமா?

பெரும்பாலும் முடியும். எம்எக்ஸ் என்று தொடங்கினால் மெக்சிகோ, அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. எம்எக்ஸ்18 என்றால் 2018. அதற்கு முந்தைய மெக்சிகோக் கிற்றார்களில் எம்என் என்பது 1990கள், எம்இசட் என்பது 2000கள். யூஎஸ் என்பது 2010க்குப் பிந்தைய அமெரிக்கத் தயாரிப்பு. ஐசிஎஸ் இந்தோனேசியா, சிஜிஎஸ் சீனா. ஆனால் 1990களில் சிஎன் என்று வந்த ஸ்குவையர்களில் சி என்பதைச் சீனா என்று படிக்கக் கூடாது, அவை கொரியாவின் கோர்ட் செய்தவை.

யப்பானில் செய்த பழைய ஸ்குவையர் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. வாங்கலாமா?

1982 முதல் 84 வரை வந்த, தொடர் இலக்கம் ஜேவி என்று தொடங்கும் கிற்றார் என்றால் அது சேகரிப்பவர் தேடும் பொருள், விலையும் அதற்கேற்ப இருக்கும். நல்ல கிற்றார்தான். ஆனால் நாற்பது வருடப் பிரெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிரெட் மாற்றத் தெரிந்தவர் இங்கே எளிதில் கிடைக்கமாட்டார். கொழும்புக்கோ சென்னைக்கோ கொண்டுபோகும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். யப்பான் என்றதும் கண்ணை மூடி வாங்குவோரைப் பார்த்தால் விற்பவருக்குக் கொண்டாட்டம்.

அதோடு பழைய வடிவங்களில் பிரெட்போர்டின் வளைவு 7.25 அங்குல ஆரம், அதாவது நன்றாக உருண்டிருக்கும். கோர்ட் பிடிக்கச் சுகம். ஆனால் தந்தியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு மேல் பிரெட்களில் ஒரு சுரம், ஒன்றரைச் சுரம் இழுத்தால் ஒலி செத்துவிடும். கிற்றாரில் கமகம் வாசிக்க ஆசைப்படுபவர், பாட்டின் குரல் வளைவுகளை அப்படியே இழுத்துக் காட்ட நினைப்பவர், 9.5 அங்குலமோ 12 அங்குலமோ பார்த்து வாங்குங்கள். இப்போதைய ஸ்குவையர்களிலும் மெக்சிகோ பிளேயரிலும் பெரும்பாலும் 9.5. பிளேயர் பிளஸ்ஸில் 12. மெக்சிகோவின் வின்டேரா வரிசை பழைய வடிவத்தைப் பின்பற்றுவதால் அங்கே 7.25 வரும். கவனம்.

போலியை எப்படிப் பிடிப்பது?

ஸ்குவையரைப் போலி செய்வோர் குறைவு. ஆபத்து ஃபெண்டர் பெயரில்தான், அதிலும் ஸ்குவையர் நெக்கைச் சுரண்டி ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டியவை. தொடர் இலக்கம் சொல்லும் வரிசையும் கையிலுள்ள பாகங்களும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அமெரிக்க ஸ்டாண்டர்ட், மெக்சிகோ பிளேயர் ஸ்ட்ராட்களில் 22 பிரெட்டும் இரண்டு திருகாணியில் நிற்கும் ட்ரெமலோவும் இருக்கும். “அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்” என்று சொல்லப்படுவதில் 21 பிரெட்டும் ஆறு திருகாணியும் கண்டால் கேள்வி கேளுங்கள். விற்பவர் பிக்கார்டைத் திறக்க விடவில்லை என்றால் வீட்டுக்குப் போய்விடலாம்.

மாமா ஸ்காபரோவில் இருந்து வருகிறார். கிற்றாரை எப்படிக் கொண்டு வருவது? ஆம்பும் சேர்த்து எடுக்கலாமா?

கிற்றார் கொண்டுவரலாம். ஃபெண்டரின் நல்ல குணம், நெக் நான்கு திருகாணியில்தான் நிற்கிறது. தந்தியைத் தளர்த்திக் கழற்றினால் உடல் அரை மீற்றருக்கும் குறைவு. நெக் பெரிய சூட்கேசில் குறுக்காகப் பெரும்பாலும் அடங்கும். துணி சுற்றி நடுவில் வைக்கச் சொல்லுங்கள், திருகாணிகளைச் சின்னப் பையில் போட்டு உடலோடு கட்டச் சொல்லுங்கள். வந்தபின் பூட்டிச் சுருதி சேர்த்து, இரண்டு கிழமை இங்குள்ள காற்றுக்குப் பழகவிட்டு, அதன் பிறகு நெக்குக்குள் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ரொட்டைத் தொடுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட கனடா வீட்டில் மரம் வறண்டு சுருங்குவதால் பிரெட் ஓரம் கையைக் கீறும். இங்கே வந்து ஈரம் குடித்ததும் அது ஓரளவு அடங்கிவிடுவதுண்டு. அதனால் அங்கேயே அரம் போட அவசரப்பட வேண்டாம்.

ஆம்ப் வேண்டாம். கனடாவில் 120 வோல்ட், நமக்கு 230. அப்படியே குத்தினால் புகைதான். யப்பான் ஆம்ப் 100 வோல்ட், இன்னும் மோசம். மின்மாற்றி வைத்து ஓட்டலாம், ஆனால் அந்தப் பாரமும் செலவும் எதற்கு? லண்டன், பரிஸ், சுவிஸ் ஆம்ப் என்றால் பிளக்கை மட்டும் கவனித்தால் போதும்.

கடையில் எதைப் பார்த்து எடுப்பது?

நெக்கின் இரு ஓரத்திலும் விரலை மேலும் கீழும் ஓட்டுங்கள், பிரெட் கீறுகிறதா என்று. இரண்டு வெளித் தந்திகளும் நெக்கின் ஓரத்திலிருந்து சம தூரத்தில் ஓடுகின்றனவா பாருங்கள். ஒன்று விளிம்புக்கு நழுவினால் நெக் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிரெட்டிலும் ஒவ்வொரு சுரமாக வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால் அங்கே பிரெட் எழும்பியிருக்கிறது, அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். எல்லா இடத்திலும் இரைந்தால் அது செட்டப் (தந்தி உயரம், நெக் வளைவு சரிசெய்யும் வேலை) பிரச்சினை, சரிசெய்யலாம்.

ஃபெண்டர் சொல்லும் அளவு, 9.5 அங்குல ஆரத்துக்கு 17ஆம் பிரெட்டில் தந்தியின் உயரம் சுமார் 1.6 மில்லிமீற்றர், நெக்கின் நீளவாக்கு வளைவு கால் மில்லிமீற்றர். இந்த அளவுக்குச் செட்டப் செய்த அஃபினிட்டி, செட்டப் செய்யாத மெக்சிகோ ஃபெண்டரைவிடச் சுகமாக வாசிக்கும்.

வாங்கியதிலிருந்து “ம்ம்ம்” என்று இரைச்சல். மலிவுக் கிற்றார் என்பதாலா?

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு அது இயல்பு, அமெரிக்கக் கிற்றாரிலும் வரும். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள்ளே வயர் வேலை சரி. தொட்டதும் கூடினால் கிற்றாரின் உள்வயரிலோ ஏர்த்திலோ பிரச்சினை. சுள்ளென்றால் பிரச்சினை கிற்றாரில் இல்லை, ஏர்த்தில். கோவில் திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் ஓடும்போது இது உயிர் விஷயம்: கை தந்தியில், உதடு மைக்கில், இரண்டுக்கும் நடுவே நீங்கள். மைக்கைத் தொடுவதற்கு முன் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் குத்தாதீர்கள்.

அஃபினிட்டியை வாங்கிப் பாகங்களை மாற்றினால் அமெரிக்கன் ஆகிவிடுமா?

ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. நட், பெரிய பொட்கள், நல்ல சுவிட்ச், ஜாக் மாற்றுங்கள். செலவு சிறிது, பயன் பெரிது. பிறிட்ஜ் மாற்றப் போனால் அளந்துவிட்டுப் போங்கள், திருகாணித் துளைகளின் இடைவெளி வரிசைக்கு வரிசை மாறும். உடல் மெல்லியதாக உள்ள மலிவு ஸ்ட்ராட்டில் முழு நீள உருக்குக் கட்டை பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். பிக்கப், பிறிட்ஜ், டியூனர் எல்லாம் மாற்றக் கணக்குப் போடுபவர், அதை விற்றுவிட்டுப் பழைய மெக்சிகோ ஒன்றை எடுக்கலாம். விற்கும்போது நீங்கள் போட்ட பாகத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்க?

பழகும் பிள்ளைக்கு, கையில் எடுத்துப் பார்த்த அஃபினிட்டி. கல்யாண வீடு, தேவாலயம், திருவிழா என்று மேடையேறுபவருக்குக் கிளாசிக் வைப் அல்லது பழைய மெக்சிகோ ஃபெண்டர். பார்க்காமல் வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதாக இருந்தால் மெக்சிகோ பிளேயர் அல்லது பிளேயர் 2. அமெரிக்கத் தயாரிப்பை, கிற்றாரால் உழைப்பவரும் காசு கையைக் கடிக்காதவரும் வாங்கட்டும்.

பேஸ் கிற்றாருக்கும் இதேதானா?

ஏறக்குறைய இதேதான். நெக் நீளம் என்பதால் சூட்கேசில் அடங்காது.